மூக்குக்குக் கீழே வெளிச்சம்

எங்கள் கோயிலில் பெயர் எழுதாத பொருள் கிடையாது. மின்விசிறியின் இறக்கையில் பெயர் இருக்கும். சுற்றும்போது யார் பெயர் என்று தெரியாது, கரண்ட் போனால் தெரியும். பெஞ்சின் முதுகில் பித்தளைத் தகடு, குடிதண்ணீர் மெஷினில் ஸ்டிக்கர். குடை வைக்கிற ஸ்டாண்டில்கூட ‘அன்புத் தாயாரின் நினைவாக’ என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. சபையில் ஒருவர் இறந்துபோனால், வருஷம் திரும்புவதற்குள் குடும்பத்தார் கோயிலுக்கு ஏதாவது ஒரு பொருள் வாங்கிக் கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனையில் போதகர் அதன்மேல் கைவைத்து ஜெபித்துப் பிரதிஷ்டை செய்வார். தாம்பரத்தைச் சுற்றி நான் போயிருக்கிற கோயில்களில் எல்லாம் இந்தப் பழக்கம் உண்டு.

நல்ல பழக்கம்தான். ஒரே சிக்கல், அப்படி உள்ளே வந்த பொருளை யாரும் வெளியே எடுக்க முடியாது. பக்கச் சுவரில் ஒரு கடிகாரம் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. அதைக் கழற்றிவிடலாமே என்று ஒருமுறை கமிட்டியில் சொன்னேன். அந்தக் குடும்பத்தார் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். கடிகாரம் அங்கேயேதான் இருக்கிறது. பிரசங்கம் நீளும்போதெல்லாம் சபையே அதைத்தான் திரும்பிப் பார்க்கிறது, பழக்கதோஷம்.

நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கோயிலில் நேரலை ஆரம்பித்தபோது, “சார்தான் ஃபிசிக்ஸ் ஆச்சே” என்று சொல்லி கேமராவை என் தலையில் கட்டினார்கள். குழியாடி, குவிலென்ஸ் என்று காலமெல்லாம் கரும்பலகையில் படம் போட்டவன் நான். ஒரு மனிதன் முகத்துக்கு முன்னால் எந்த விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்பது எந்தப் பாடத்திலும் வரவில்லை. அதை நான் கற்றுக்கொண்டது என் அக்காவால்.

அக்காவுக்குக் காது கேட்காது. பிறவியில் அப்படி இல்லை. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, நாற்பதைத் தாண்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காது போனது. மெஷின் வைத்துப் பார்த்தாள். சத்தம் பெரிசாகிறதே தவிர சொல் புரியவில்லை என்று அதை டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். அதற்குப் பிறகு பேசுகிறவர்களின் வாயைப் பார்க்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் கண்டக்டர் வாய், டிவியில் செய்தி வாசிக்கிறவர் வாய், எதிர்வீட்டு பால்கனியில் போனில் பேசுகிறவள் வாய் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சில வருஷங்களில், முகம் நேராகத் தெரிந்தால் போதும், நாம் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்வாள்.

கோயிலில் அவளுக்கு முதல் பெஞ்ச். போதகர் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் சபையில் முதலில் சிரிப்பது அவளாகத்தான் இருக்கும். புதிதாக வந்தவர்களிடம், “அந்தம்மாவுக்குக் காது கேட்காது” என்றால் நம்ப மாட்டார்கள்.

பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஆனால் நாங்கள் இருப்பது பீர்க்கன்கரணையில், ஏரியைப் பார்த்த பழைய ஃபிளாட். லிஃப்ட் கிடையாது. அவள் இரண்டாவது மாடி, நானும் என் மனைவியும் முதல் மாடி. அத்தான் காலமாகி நாளாகிறது, பிள்ளை வெளிநாட்டில். படி இறங்கிக் கோயிலுக்குப் போவது என்பது அவளுக்கு இனி இல்லை என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அவள் அழவில்லை. “லைவ்ல பார்த்துக்கறேன். நீதானே கேமரா, என் பெஞ்சுல உட்கார்ந்த மாதிரி காட்டு” என்றாள்.

நேரலையின் அடியில் தானாகவே எழுத்து ஓடுகிற வசதியைப் போட்டுப் பார்த்தோம். அது எழுதுகிற தமிழைப் படித்தால் இருக்கிற விசுவாசமும் போய்விடும் என்று அவளே நிறுத்தச் சொல்லிவிட்டாள். போதகரிடம் பிரசங்கத்தை எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். உள்ளங்கை அளவு தாளில் சில வரிகள் கொடுத்தார். மீதியெல்லாம் மேடை ஏறிய பிறகுதான் அவருக்கே தெரியும். ஆக, அக்காவுக்கு இருந்த ஒரே வழி, திரையில் போதகரின் வாய். அது தெரிந்தால் அவள் கோயிலில் இருப்பாள், தெரியாவிட்டால் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பொருளாளரின் அப்பா காலமானார். பொருளாளர் ரயில்வேயில் இருந்தவர். நல்ல மனிதர், கைசுத்தம், கூட்டத்தில் குரல் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அப்பா நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்றார். நேரலையில் படம் மங்கலாகத் தெரிகிறது என்று சபையில் பேச்சு இருந்ததால், “எல்.ஈ.டி. லைட் போட்டுடலாம்” என்று அவரே முடிவு செய்தார். நானும் கூடப் போனேன். எலெக்ட்ரிக் கடையில், விளையாட்டு மைதானத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் மாட்டுகிற ரகத்தில் ஒன்றை எடுத்து வைத்து ஸ்விட்சைப் போட்டார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். கண் கூசினால் நல்ல லைட் என்று அங்கேயே தீர்மானமாகிவிட்டது. கூடப் போன இயற்பியல் வாத்தியாரும் தலையாட்டினார்.

எங்கே மாட்டுவது என்பதில் பேச்சே எழவில்லை. பீடத்துக்கு முன்னால் சிவப்புக் கம்பளம் விரித்த இடத்தில் கல்யாண ஜோடி நிற்கலாம், ஞானஸ்நானக் குழந்தையைக் கொண்டுவரலாம், சவப்பெட்டி வைக்கலாம். வேறெதுவும் அங்கே நிற்கக்கூடாது என்பது எங்கள் கோயிலில் எழுதாத சட்டம். ஆகவே விளக்குகள் உச்சியில், உத்தரத்தில் தொங்கின. சாரம் கட்டி மாட்டினார்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் அப்பாவின் பெயர் போட்ட தகடு, கீழே நின்று படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.

சோதனைக்கு போதகர் வெள்ளை அங்கியோடு வந்து நின்றார். பெரிய டிவியில் போட்டுப் பார்த்தோம். அங்கி பளிச்சென்று பால் மாதிரி தெரிந்தது. “ஆஹா” என்றார்கள். எல்லோரும் அங்கியைப் பார்த்தார்களே தவிர முகத்தை யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட. கேமராவைத் தன் போக்கில் விட்டால், படத்தில் வெள்ளை அதிகமாக இருக்கும்போது அது கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். அங்கி நன்றாக வரும், அதற்கு மேலே இருக்கிற மாநிற முகம் இருட்டுக்குப் போய்விடும். போதாக்குறைக்கு வெளிச்சம் உச்சந்தலையில் விழுந்தது. புருவத்தின் நிழல் கண்ணில், மூக்கின் நிழல் மீசையில், மீசையின் நிழல் வாயில். எங்கள் போதகருக்கு மீசை சாதாரண மீசை அல்ல.

பிரதிஷ்டை நடந்தது. பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பி மாடிக்குப் போய், “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“நல்லா பளிச்சுனு இருந்துச்சு” என்றாள் அக்கா.

அதற்கடுத்த வாரங்களிலும் மாதங்களிலும் இதே பதில்தான். நான் ஞாயிற்றுக்கிழமை கேமராவுக்குப் பின்னால் நிற்பவன். அவள் எப்படிப் பார்க்கிறாள் என்று பார்த்ததே இல்லை. ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல். கேமராவை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, அக்கா வீட்டு சோபாவில் போர்வையோடு உட்கார்ந்து நேரலை பார்த்தேன். காலையிலேயே குளித்து, கோயிலுக்குப் போகிற சேலை உடுத்தி, நேராக உட்கார்ந்திருந்தாள். பாட்டு வந்தால் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள், ஜெபத்துக்குக் கண்ணை மூடினாள். பிரசங்கம் ஆரம்பித்தது. போதகர் ஏதோ சொல்ல, சபை சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, பிறகு சிரித்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினேன். “அவர் சொன்னது தெரிஞ்சுதா?” என்று நேராகக் கேட்டேன்.

அணைந்த டிவியைக் கையால் காட்டினாள். “மூக்குக்குக் கீழே ஒண்ணும் தெரியலடா. இந்த லைட் போட்டதுலேர்ந்தே தெரியல.”

“ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? அவங்கப்பா பேர்ல கொடுத்தது. அது நல்லா இல்லன்னா சொல்றது?”

இத்தனை மாதமும் ஞாயிறு காலையில் சேலை உடுத்திக்கொண்டு, ஓர் இருட்டு வாயை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் காய்ச்சல்மேல் கோபப்பட்டுக்கொண்டு கீழே வந்து படுத்தேன்.

அடுத்த கமிட்டியில் விஷயத்தைச் சொன்னேன். முகத்துக்கு நேராக, பக்கவாட்டில் நிற்கிற ஸ்டூடியோ விளக்கு வேண்டும், மேலே இருப்பவற்றை நேரலையின்போது அணைத்துவிட வேண்டும் என்றேன். முதல் பாதிக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. இரண்டாவது பாதியில் பொருளாளரின் முகம் மாறியது.

“அப்போ எங்க அப்பா லைட்டை என்ன பண்றது?”

“அது அங்கேயே இருக்கட்டும். அணைச்சு மட்டும் வைப்போம்.”

“அணைச்சு வைக்கவா பிரதிஷ்டை பண்ணோம்?”

மகளிர் சங்கத் தலைவி தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஐயா மீசையைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா செலவே இல்லையே” என்றார். போதகர் மீசையை ஒருமுறை தடவிவிட்டு, அடுத்த பொருளுக்குப் போகலாமா என்றார். முடிவில், விளக்கைக் கொண்டுவந்து காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று கூட்டம் கலைந்தது. எங்கள் கமிட்டியில் அதற்கு அர்த்தம், பார்க்கவே வேண்டாம் என்பது. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில், குரோம்பேட்டையில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ சாமான் விற்கிற கடை இருக்கிறது. வாடகைக்கும் விடுவார்கள். நடத்துவது நாற்பது வயதுப் பெண்மணி. வாத்தியார் தோரணையில் நான் ஆரம்பித்தேன், எத்தனை வாட், எத்தனை லூமென் என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எதைக் கொண்டு வந்திருக்கீங்க சார்?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“அனகாபுத்தூர்லேர்ந்து சேலை வீடியோ போடறவங்க வருவாங்க. வரும்போதே சேலையைக் கொண்டு வந்துடுவாங்க. லைட்டுக்குக் கீழ விரிச்சு, போன்ல எடுத்துப் பார்த்து, அரக்கு அரக்காவே தெரிஞ்சாத்தான் வாங்குவாங்க. நகை போடறவங்க நகையோட வருவாங்க. நீங்க எதை எடுக்கப் போறீங்க?”

“வாயை” என்றேன்.

சிரிக்கவில்லை, நல்லவேளை. அக்காவைப் பற்றிச் சொன்னேன். “அப்போ நீங்களே நில்லுங்க. ஒவ்வொரு லைட்டாப் போடறேன். பேசுங்க, எடுத்து அவங்களுக்கு அனுப்புவோம். அவங்க சொல்லட்டும்” என்றார். ஓய்வு பெற்ற காலத்தில் பேபி ஷூட் நடக்கிற மூலையில், பலூன் படம் போட்ட திரைக்கு முன்னால் போய் நின்றேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. முந்தின நாள் அக்கா கொடுத்தனுப்பிய மீன் குழம்பு நினைவுக்கு வந்தது. அதில் காரம் தூக்கல், புளி கம்மி என்று உள்ளதைச் சொன்னேன்.

முதலில் போட்டது விலை குறைவான, பலகை மாதிரி ஒரு பேனல் விளக்கு. வெளிச்சத்துக்குக் குறைவில்லை. அனுப்பியதும் அக்காவிடமிருந்து பதில் வந்தது: தாடை ஆடுகிறது, வேறெதுவும் தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் உதடும் கன்னமும் ஒரே நிறத்தில், லேசான பச்சை பூத்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்தன. கடைக்காரர் விளக்கினார். விளக்குக்கும் மார்க் உண்டு, நிறத்தை உள்ளபடி காட்டுவதற்கு நூற்றுக்கு இத்தனை என்று. மலிவான விளக்குகள் மற்ற நிறங்களில் தேறிவிட்டுச் சிவப்பில் கோட்டை விடும். சேலைக்காரர்கள் அரக்கைக் கொண்டுவந்து பார்ப்பது அதற்குத்தான். உதடும் அந்த வகைதான் என்று எனக்கு அப்போது உறைத்தது. லூமென் பற்றிப் பேசுவதை அத்தோடு விட்டேன்.

அடுத்தது வட்ட விளக்கு. வாய் நன்றாகத் தெரிந்தது, ஆனால் என் கண்ணாடியில் இரண்டு வளையம் விழுந்து ஏதோ பறவை மாதிரி இருந்தேன். போதகருக்கும் கண்ணாடி உண்டு. தவிர, அதை முகத்துக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். இன்னொன்று வெளிச்சமும் நிறமும் கச்சிதம், ஆனால் சூடு தணிக்க உள்ளே ஒரு விசிறி ஓடியது. ஜெபத்தின்போது இரைச்சல் கேட்கும் என்று தள்ளிவைத்தேன். கடைசியில், சத்தமில்லாத ரகம் ஒன்றை எடுத்து, அதற்கு முன்னால் பெரிய வெள்ளைத் துணிப்பெட்டி மாட்டினார். வெளிச்சம் துணியில் பட்டுப் பரவி, ஜன்னலோரம் நிற்பது போல மென்மையாக முகத்தில் விழுந்தது. நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில், தலைக்குச் சற்றே மேலே. மறுபக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை, நிழலைக் குறைக்க. மறுபடியும் குழம்பைப் பற்றிச் சொன்னேன், அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. ‘காரமாக இருந்தால் நாளையிலிருந்து அனுப்பவில்லை. உன் பெண்டாட்டி வைப்பதையே சாப்பிடு.’

“இதான் சார் உங்க லைட்” என்றார் கடைக்காரர்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்கு வாடகைக்கு எடுத்து வந்தேன். கம்பளத்தை மிதிக்காமல், பக்கத் தூணையொட்டி ஸ்டாண்டை நிறுத்தினேன். மறுதூணில் தெர்மோகோல். போதகர் அங்கியோடு வந்தார். கமிட்டியார் முன் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். நான் கேமராவைத் தன் போக்கில் விடாமல் என் கைக்கு மாற்றி, அங்கி வெளுத்தால் வெளுக்கட்டும் என்று முகத்துக்கு வெளிச்சம் வைத்தேன். அக்காவுக்கு நேரலையைத் தனியாகத் திறந்துவிட்டேன். மைக் போடவில்லை. அவளுக்கு எதற்கு மைக்?

முதலில் மேல் விளக்குகளும் எரிந்தன. அவற்றின் முரட்டு வெளிச்சத்துக்கு முன்னால் புது விளக்கு எடுபடவில்லை. மீசை நிழல் அப்படியே இருந்தது. அக்காவிடமிருந்து ‘இல்லை’ என்று ஒரே சொல் வந்தது. நான் போய் மேல் விளக்குகளை அணைத்தேன். உத்தரத்தில் அப்பாவின் பெயர் இருட்டுக்குள் போனது. பொருளாளர் எழுந்து நின்றுவிட்டார்.

ஆனால் டிவியில் போதகரின் முகம் வந்திருந்தது. மீசைக்குக் கீழே, எத்தனையோ மாதம் கழித்து, வாய் இருந்தது. உதட்டின் ஓரம்கூடத் தெரிந்தது. “நாளைக்கு என்ன பிரசங்கம்னு அம்மாவுக்குச் சொல்லவா?” என்று அவரே உற்சாகமாகி ஏதோ சொல்லத் தொடங்கினார். பொருளாளர் அதற்குள் மேடை ஏறி, போதகரின் பக்கத்தில் போய் நின்று, அவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். கேமராவுக்குப் பின்னால் திரும்பி வந்து நின்ற எனக்குக் கேட்கவில்லை. முன் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கவில்லை. போதகர் தரையைப் பார்த்தார்.

என் போன் அதிர்ந்தது. விளக்கைப் பற்றித்தான் எழுதியிருப்பாள் என்று நினைத்து எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

‘பொருளாளர் தம்பி சொல்வது நியாயம்தான். ஒரு அம்மாவுக்காக அவருடைய அப்பாவை இருட்டில் போட வேண்டாம். விளக்கைப் போட்டுவிடு. நான் வழக்கம்போல் பார்த்துக்கொள்கிறேன்.’

பொருளாளர் போதகரைப் பார்த்தார், அணைந்த மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நான் ஐயா காதுலதான் சொன்னேன்” என்றார். “மைக்கே போடலையே.”

“அவளுக்கு மைக் வேண்டாம், வெளிச்சம் போதும். நீங்க நிக்கிற இடம் அப்படி” என்றேன். குரலில் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தது அவளுக்கு இதைக் காட்டுவதற்குத்தானா என்று இருந்தது. அவள் போடச் சொல்லிவிட்டாள், போட்டுத் தொலைப்போம் என்று ஸ்விட்ச் போர்டுக்கு நடந்தேன். கை வைக்கப் போகும்போது போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை நான் படிக்கவில்லை. நேராகப் போய்ப் பொருளாளரின் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். முதல் வரியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் படித்தார். போகப் போகக் குரல் இறங்கியது.

‘தம்பி, வருத்தப்படாதீர்கள். உங்கள் அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குக் காது போன புதிதில் கோயிலில் எல்லோரும் என்னிடம் கத்திப் பேசுவார்கள், இல்லாவிட்டால் பேசாமல் போய்விடுவார்கள். உங்கள் அப்பா மட்டும் போர்ட்டிகோவில் நின்று பேச மாட்டார். “வெளிச்சத்துக்கு வாம்மா” என்று என்னை வெயிலுக்குக் கூட்டிப்போய், சூரியனைப் பார்த்து நின்றுகொண்டு பேசுவார். கடைசி வருஷங்களில் அவருக்குக் கண்ணில் புரை. வெயில் பட்டால் தண்ணீராகக் கொட்டும். துடைத்துக்கொண்டே பேசுவார், முகத்தைத் திருப்ப மாட்டார்.’

படித்து முடித்த பிறகும் போனை அவர் கீழே இறக்கவில்லை. அப்பா வெயிலில் நின்று பேசுவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருப்பார். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு ஹாரன்கூட அடித்திருப்பார், நானே பார்த்திருக்கிறேன். ஏன் வெயிலில் நிற்கிறார் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. கூடப்பிறந்தவன் எனக்கே தோன்றியதில்லை.

நான் இன்னும் ஸ்விட்ச் போர்டு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். “போடட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம் சார்” என்றார்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி மேடைக்குப் போனார். போதகர் ஒதுங்கிக்கொண்டார். துணிப்பெட்டியின் வெளிச்சம் முகத்தில் விழுகிற இடம் எது என்று டிவியைப் பார்த்துக் கண்டுபிடித்து, அங்கே போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். கேமராவை நேராகப் பார்த்துப் பேசினார். குரல் எழுப்பவில்லை. கூட்டத்தில் ஜாஸ்தியாக இருக்கிற அந்தக் குரல் சுத்தமாக இல்லை, வாய் மட்டும் அசைந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒரு கட்டத்தில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டார், முகத்தைத் திருப்பவில்லை.

விளக்கை வாங்கினோம். கமிட்டியில் விவாதமே நடக்கவில்லை, எனக்கே ஏமாற்றமாக இருந்தது. மேலே தொங்குபவை இன்னும் தொங்குகின்றன. கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சிக்கு மட்டும் எரிகின்றன. அவற்றில் ஒன்றிலிருந்த தகட்டைப் பொருளாளரே ஏணி போட்டு ஏறிக் கழற்றி, புது ஸ்டாண்டின் காலில் திருகிவிட்டார். எங்கள் கோயிலில் ஒரு நினைவுப் பொருளிலிருந்து ஏதாவது கழன்றது அதுதான் முதல் தடவை. நின்றுபோன கடிகாரத்தைப் பற்றி மறுபடி பேச்செடுக்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

புது வெளிச்சத்தில் முதல் பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போனேன். அக்கா சேலைகூட மாற்றவில்லை.

“எல்லாம் தெரிஞ்சுதா?”

“ஒரு வார்த்தை விடல” என்றாள். “இத்தனை மாசத்துல பெரிசா எதுவும் விட்டுப்போகலன்னும் தெரிஞ்சுது.”

சமையலறையிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது. அந்தச் சனிக்கிழமையிலிருந்து கேட்க வேண்டும் என்று நினைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன். ஜன்னல் பக்கம் போய், முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி நின்றுகொண்டு கேட்டேன்.

“அன்னிக்குக் கடைசியா அவர் உங்கிட்ட என்ன சொன்னார்?”

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், கேள்வி முடிந்ததும் வாக்கரைப் பிடித்து எழுந்தாள்.

“உனக்குச் சொல்லணும்னா சத்தமா சொல்லியிருப்பாரே” என்று சொல்லிவிட்டு, குழம்பை இறக்கப் போனாள்.